டெலிபோன் அக்கா

பிளானோவில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டின் முன்னால் 'எஸ்டேட் சேல்' என்று அட்டை நட்டிருந்தார்கள். வீட்டுக்காரர் இறந்துபோனால் பிள்ளைகள் எங்கிருந்தோ வந்து கதவைத் திறந்து வைத்து, கரண்டி முதல் கட்டில் வரை விலைச்சீட்டு ஒட்டி விற்றுவிட்டுப் போகிற வழக்கம். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் இதைப் பார்த்தால் எனக்கு என்னவோ போல இருக்கும். செத்தவருடைய செருப்பை யாரோ ஒருவர் காலில் மாட்டி நடந்து பார்த்துக்கொண்டிருப்பார். இப்போது பழகிவிட்டது. போன சனிக்கிழமை நானே ஒரு பூந்தொட்டி கிடைக்குமா என்று பார்க்க மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். நான் வாங்கி வைத்த எந்தச் செடியும் ஒரு டெக்சாஸ் கோடையைத் தாண்டியதில்லை என்பது வேறு விஷயம்.

கராஜில் ஒரு நீள மேசை. அதன் மேல் பழைய கிறிஸ்துமஸ் விளக்குகள், மீன்பிடிச் சாமான்கள், அடுக்கடுக்காக அட்டைப்பெட்டிகள். மகள் ஒரு பெட்டியை எடுத்து, முன்பக்கம் ஜன்னல் போல ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளின் வழியாக உள்ளே பார்த்தாள். ஓர் அடி உயரப் பெண் பொம்மை. சாம்பல் நிறக் கோட்டு, பாவாடை, தலையில் ஒரு பக்கமாகச் சாய்ந்த துணித் தொப்பி, இடது கையில் மின்னல் கீற்று போல ஒரு சின்னம். பக்கத்தில் தனியாக, அதற்கென்று செய்த குழிக்குள், தலையில் மாட்டிக்கொள்கிற சின்னஞ்சிறு போன்.

"அப்பா, இஸ் ஷி எ ஃப்ளைட் அட்டெண்டன்ட்?"

"இல்லம்மா. டெலிபோன் ஆபரேட்டர். கீழ வை அத."

"ஓகே, ஓகே. ரிலாக்ஸ்" என்றாள். என் குரல் அப்படி வெளிப்பட்டிருக்க வேண்டும். பெட்டியின் மேல்மூடி திறந்திருந்தது. புது ரெக்சினும் ரப்பரும் கலந்தாற்போல ஒரு வாடை வந்தது. அவ்வளவுதான். பூந்தொட்டியை மறந்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

அந்த வாடையை நான் முதலில் முகர்ந்தது, இந்த நாட்டுக்கு வந்த புதிதில், பக்கத்து ஊரான இர்விங்கில். லாஸ் கொலீனாஸ் பக்கம், புதிதாக வந்து இறங்குகிற எங்களைப் போன்ற ஆட்களுக்கென்றே கட்டினாற்போன்ற ஒரு அபார்ட்மென்ட். மூன்று பேர் சேர்ந்து இருந்தோம். நான், மாம்பலத்து முரளி, நாசரேத்துக்காரன் ஜெபராஜ். நாசரேத் என்றதும் வேறு எங்கோ போய்விடாதீர்கள். தூத்துக்குடி ஜில்லாவில் இருக்கிற நாசரேத். ஆனால் அலுவலகத்தில் யாராவது எந்த ஊர் என்று கேட்டால் ஜெபராஜ் சிரிக்காமல் "ஐ ஆம் ஃப்ரம் நாசரேத்" என்பான். கேட்டவர் ஒரு விநாடி திகைப்பார். அந்த ஒரு விநாடிக்காகத்தான் அவன் அமெரிக்காவுக்கே வந்தான் என்று முரளி சொல்வான்.

வீட்டில் சமையல் முரளியுடையது. பாத்திரம் கழுவுவது ஜெபராஜ். எனக்கு ஏன் ஒரு வேலையும் தரப்படவில்லை என்றால், நான் முதல் வாரம் வைத்த ரசத்தில் பெருங்காயத்துக்குப் பதிலாக எதையோ போட்டுவிட்டேன். என்ன போட்டேன் என்பது இன்றுவரை தெரியாது. அதனால் நான் கார் ஓட்டுவது என்று முடிவானது. மூவரில் என்னிடம் மட்டும்தான் கார் இருந்தது. லைசென்ஸ் டெஸ்ட்டில் இரண்டு முறை தோற்றவனும் நான் மட்டும்தான். அதை நாங்கள் வெளியே சொல்வதில்லை.

ஜெபராஜ் டேட்டாபேஸ் ஆள். உயரமாக, ஒல்லியாக, எப்போதும் லேசாகக் குனிந்தே நிற்பான். அவனுக்குப் பொம்மைப் பைத்தியம். விளையாட்டுப் பொம்மை இல்லை. பழைய யுத்தங்களின் சிப்பாய்களை ஓர் அடி உயரத்தில், பொத்தான் முதல் பூட்ஸ் லாடம் வரை அப்படியே அச்சாகச் செய்து விற்பார்கள். பெரியவர்கள் வாங்கிச் சேர்க்கிற சாமான். சின்ன வயதில் படக்கதைகளில் பார்த்ததையெல்லாம் கையில் பிடித்துப் பார்க்கிற ஆசை என்பான். சம்பளம் வந்தால் முதலில் ஊருக்கு அனுப்புவான், அப்புறம் பொம்மை.

ஒரு நாள் தபாலில் அந்தப் பெட்டி வந்தது. திறந்ததும் வீடு முழுக்க ரப்பர் வாடை. சிப்பாய்களாகவே வந்துகொண்டிருந்த வீட்டில் முதல் முறையாக ஒரு பெண். முரளி அடுப்பை அணைத்துவிட்டே வந்து பார்த்தான்.

"யார்றா இது? போஸ்ட் ஆபீஸ் பொண்ணு மாதிரி இருக்கா."

"ஜெர்மன்காரி லே. யுத்த நேரத்துல ஆம்பளைங்கல்லாம் சண்டைக்குப் போயிட்டாங்கல்லா, அப்ப ஆபீஸ் வேலைக்கு, போன் எடுக்கதுக்கு எல்லாம் பொண்ணுங்கள எடுத்தாங்க. துப்பாக்கி கெடையாது. இந்தா பாரு, லைன் மாத்திக் குடுக்க போர்டு."

அந்த போர்டு ஒரு தீப்பெட்டி அளவு. அதில் துளைகள், துளைகளில் செருக இடியாப்ப இழை போன்ற வயர்கள். நிஜமாகவே செருகலாம். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்தோம். முரளி அவளுக்கு 'டெலிபோன் அக்கா' என்று பெயர் வைத்தான். டிவிக்கு மேலே அவளுக்கு இடம். வெளியே கிளம்பும்போது "அக்கா, போன் வந்தா எடுத்து வைங்க" என்று சொல்லிவிட்டுப் போவோம். நல்ல முகம் அவளுக்கு. சிரிப்பும் இல்லை, முறைப்பும் இல்லை. எதையோ கவனமாகக் கேட்டுக்கொண்டிருக்கிற முகம்.

அவளுடைய கோட்டு ஜெபராஜுக்குத் திருப்தியாக இல்லை. துணி தடிப்பாக இருக்கிறதாம், நிஜக் கோட்டு அப்படி மடங்காதாம். தன்னுடைய பழைய கால்சட்டை ஒன்றை வெட்டி, கண் வலிக்க வலிக்க உட்கார்ந்து, புதிதாக ஒரு கோட்டு தைத்தான். "அக்குரேட்டா இருக்கணும் லே. இல்லன்னா எதுக்கு?" என்பான். இந்த அக்குரேட் என்கிற வார்த்தையை அந்தக் காலத்தில் நாங்கள் கேலி செய்துகொண்டே இருந்தோம். சாம்பாரில் உப்பு அக்குரேட். கரண்ட் பில் அக்குரேட்.

கோட்டைப் படமெடுத்து அவன் இணையத்தில் போட்டான். பொம்மை சேர்ப்பவர்கள் பேசிக்கொள்கிற பக்கம் ஒன்று உண்டு. அங்கிருந்துதான் வேய்ன் வந்தார்.

முரளி கடைசி வரை அவரை 'வேன்' என்றுதான் சொன்னான். ஏசி பழுது பார்க்கும் தொழில் நடத்தி ஓய்வு பெற்றவர். வெள்ளை மீசை, சுத்தமாக இஸ்திரி போட்ட சட்டை. டெண்டன் தாண்டி ஒரு சின்ன ஊரில் வீடு. கோட்டை நேரில் பார்க்க வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் அபார்ட்மென்டுக்கே வந்துவிட்டார், கையில் ஆப்பிள் வைத்துச் சுட்ட 'பை' என்கிற பலகாரத்தோடு. உள்ளே வரும்போது தொப்பியைக் கழற்றினார். எங்களுக்கெல்லாம் ஒரு அமெரிக்கர் தொப்பியைக் கழற்றுவது அதுவே முதல் முறை. கூச்சமாகப் போய்விட்டது.

டெலிபோன் அக்காவை எடுத்து, திருப்பி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். தையல் அற்புதம் என்றார். மின்னல் சின்னம் ஒரு மயிரிழை மேலே இருக்கிறது என்றார். ஜெபராஜ் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். அவன் பெயரைக் கேட்டுவிட்டு, அது நீளம், நான் உன்னை ஜெப் என்று கூப்பிடுகிறேன், எங்கள் பக்கத்தில் மிகவும் மரியாதையான பெயர் அது என்றார். பிறகு நீங்கள் எந்த மதம் என்று கேட்டார். கிறிஸ்தவன் என்று ஜெபராஜ் சொன்னதும் அவருடைய தோள் கொஞ்சம் தளர்ந்தது போல எனக்குத் தோன்றியது. நியூயார்க்கில் கோபுரங்கள் விழுந்து அதிக நாள் ஆகவில்லை. அப்போதெல்லாம் எல்லோரும் அதைக் கேட்டார்கள். அதனால் நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் போன பிறகு முரளி காபி டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னான். "கவனிச்சியா? அந்தாளு வந்ததுலேருந்து நம்ம மூஞ்சியவே பாக்கல. பொம்மையத்தான் பாத்துப் பேசினார்."

"கூச்ச சுபாவம்டா" என்றேன் நான். மனிதர்களைக் கணிப்பதில் எனக்குள்ள திறமை அவ்வளவு.

அடுத்த மாதம் அவர் வீட்டுக்கு எங்களைக் கூப்பிட்டார். முரளி வர மாட்டேன் என்றுவிட்டான். நான்தான் காரோட்டி, எனக்கு வேறு வழியில்லை. பெரிய புல்வெளி, வாசலில் கொடிக்கம்பம், உள்ளே ஏசியில் கை விறைத்தது. ஒரு நீள அறை முழுக்கக் கண்ணாடி அலமாரிகள். அத்தனையும் ஒரே பக்கத்துச் சிப்பாய்கள், ஜெர்மன்காரர்கள். நான் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போய், எதிர்ப்பக்கத்துப் படை எங்கே என்று வெகுளியாகக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, ஒருவனுக்கு எல்லாவற்றையும் சேர்க்க இடம் இருக்காதல்லவா என்றார். பதில் நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அறையின் கடைசியில் ஒரு மேசை முழுக்க ஒரு துணி மூடியிருந்தது. கீழே ஏதோ மேடு பள்ளமாகத் தெரிந்தது. ஜெபராஜ் அருகே போனபோது, அது இன்னும் முடியவில்லை என்று சொல்லி அவன் தோளைத் தொட்டுத் திருப்பிவிட்டார்.

அவர் மகள் ஷெல்லி எங்களுக்குக் குளிர்ந்த தேநீர் கொண்டுவந்தாள். என் வயதுதான் இருக்கும். எங்களைப் பார்த்து ஹலோ சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்தாள், சரியாகச் சொன்னேனா என்பது போல.

அன்றுதான் வேய்ன் அந்தக் கதையைச் சொன்னார். பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களை வைத்து ஜெர்மன்காரர்கள் ஒரு படை அமைத்தார்களாம். அதே சாம்பல் சீருடை, தலையில் தலைப்பாகை, கையில் பாயும் புலிச் சின்னம். கதை பொய்யில்லை, அப்படி ஒரு படை இருந்தது. எங்களிடம் எல்லாம் இருக்கிறது, அந்தச் சீருடையைப் போட ஓர் ஆள்தான் இல்லை, ஜெப், என்றார். அவர்கள் ஒரு குழுவாக வருடத்துக்குச் சில முறை ஒரு பண்ணையில் கூடி, சீருடை போட்டு, கூடாரம் அடித்து, அந்தக் காலத்தைப் போலவே இரண்டு நாள் இருந்து பார்ப்பார்களாம். பொம்மைகளை ஆள் உயரத்துக்குச் செய்தாற்போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும்போது ஜெபராஜ் முகம் விளக்கு ஏற்றினாற்போல இருந்தது. இந்த ஊரில் யாரும் எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டு, உனக்கென்று ஓர் இடம் காலியாக இருக்கிறது, வா, என்று அதுவரை சொன்னதில்லை. அலுவலகத்தில்கூட எங்கள் இருக்கைகளில் பெயர்ப்பலகை கிடையாது, காண்ட்ராக்டர் என்று மட்டும் ஒட்டியிருக்கும்.

முரளிதான் கத்தினான். "யாரோட யூனிஃபார்ம் தெரியுமாடா அது? லட்சம் லட்சமா ஜனங்கள முள்கம்பி முகாம்ல அடைச்சுக் கொன்னவனுங்க. அதப் போட்டுட்டு நீ என்ன பண்ணப் போற?"

"நாடகம் லே. எங்க ஊர்ல வருஷா வருஷம் கிறிஸ்மஸ் நாடகம் போடுவோம். ஏரோது ராஜாவா நடிச்சது எங்க கணக்கு வாத்தியார். அதுக்காவ அவரு புள்ளைங்கள வெட்டுனவரா? நான் ஏரோதுக்கு சேவகன். நெட்டையா இருக்கேம்லா, எப்பவும் சேவகன்தான்."

முரளி டிவியின் மேலிருந்த டெலிபோன் அக்காவைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தான். ஜெபராஜ் எழுந்து போய் மறுபடி எங்களைப் பார்க்கத் திருப்பினான். இது ஒரு வாரம் நடந்தது. வேலைக்குக் கிளம்பும்போது ஒரு பக்கம் பார்ப்பாள், வரும்போது வேறு பக்கம். அதன் பிறகு யாரும் அவளிடம் போன் எடுக்கச் சொல்லவில்லை.

பண்ணை ஓக்லஹாமா எல்லையை ஒட்டி இருந்தது. கணினியில் அச்செடுத்த வழித்தாளை மடியில் வைத்துக்கொண்டு ஜெபராஜ் திருப்பங்களைச் சொல்ல, நான் ஓட்டினேன். வரவர வீடுகள் குறைந்தன. செல்போனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசியில் ஒரு கற்சாலை, அதன் முடிவில் கேட். கேட்டில் நின்ற ஆள் என் கார் கண்ணாடியைத் தட்டி, உள்ளே குனிந்து, எங்களைப் பார்த்துவிட்டு, யாருடைய விருந்தாளி என்று கேட்டார். வேய்ன் பெயரைச் சொன்னதும் வழிவிட்டார். உள்ளே சிவப்புக் கொடி, நடுவில் கறுப்பு ஸ்வஸ்திகா. படங்களில் பார்த்த கொடிதான். ஆனால் படத்தில் அது அசையாது. இங்கே காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது, துணி காயப்போட்ட இடத்தில் கேட்கிற சத்தம்.

கூடாரங்கள், பழைய லாரிகள், சாம்பல் சட்டைக்காரர்கள். ஓரமாக, முள்கம்பி சுற்றி, உள்ளே ஒன்றுமில்லாத ஒரு வெற்றிடம். ஒரு கூடாரத்தின் முன்னால் மேசை போட்டு, அதன் பின்னால் டெலிபோன் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

நான் நின்றுவிட்டேன். அதே கோட்டு, அதே சாய்ந்த தொப்பி, அதே மின்னல். எதையோ கவனமாகக் கேட்கிற அதே முகம். ஷெல்லிதான். முன்னால் மரப்பெட்டியில் பழைய காலத்து ராணுவ போன். அதிலிருந்து கறுப்பு வயர் புல்லில் ஓடி, தூரத்துக் கூடாரம் ஒன்றுக்குள் போனது.

வேய்ன் ஜெபராஜின் தோளில் கை போட்டு அழைத்துக்கொண்டு போனார். சீருடை இல்லாதவர்கள் மதியத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று என்னிடம் தன்மையாகச் சொன்னார். நான் காருக்குத் திரும்பும்போது ஷெல்லியின் மேசையைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. அவள் தலையைத் தூக்காமல், உதடு அசையாத மாதிரி பேசினாள். உங்கள் நண்பரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மிசூரி மாநிலத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் வருவதற்குள் போங்கள். அவ்வளவு சொல்லிவிட்டுப் பென்சிலைச் சீவத் தொடங்கிவிட்டாள்.

நான் ஓடிப்போய் ஜெபராஜிடம் சொன்னேன். அவன் கையில் தலைப்பாகைத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். எப்படிக் கட்டுவது என்று தெரியவில்லை. நாசரேத்தில் யார் தலைப்பாகை கட்டினார்கள்?

"வாடா, போயிரலாம். எனக்கு எதுவும் சரியாப் படல."

"இவ்வளவு தூரம் வந்துட்டு எதுக்கு லே போணும்? நீ போய் காபி குடிச்சிட்டு சாயங்காலம் வா. போட்டோ எடுத்தவொடனே வந்துருதேன்."

கையைப் பிடித்து இழுத்தேன். சிரித்துக்கொண்டே விடுவித்துக்கொண்டான். பக்கத்தில் இருந்தவர்கள் எங்கள் பாஷையைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். கேட்டில் நின்ற ஆள் வந்து என் அருகில் நின்றார். நான் காருக்கு நடந்தேன்.

அருகே இருந்த ஊரில் ஒரே ஒரு சாப்பாட்டுக் கடை. அங்கே காபியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாசல் மணி ஒவ்வொரு முறை ஒலிக்கும்போதும் திரும்பிப் பார்த்தேன். வேறு மாநிலத்து நம்பர் பலகையோடு இரண்டு வண்டிகள் பண்ணைப் பக்கம் போயின. அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. சாயங்காலம் ஆகக் காத்திருக்காமல் கிளம்பினேன்.

கேட்டுக்கு வெகுதூரம் முன்பே கற்சாலையில் ஜெபராஜ் நடந்து வந்துகொண்டிருந்தான். சொந்தச் சட்டை, சொந்தப் பேன்ட். செருப்பைக் காலில் போடாமல் கையில் வைத்திருந்தான். காரை நிறுத்தியதும் ஏறி உட்கார்ந்து, சீட் பெல்ட்டைப் போட்டு, "ஓட்டு லே" என்றான். நான் ஓட்டினேன். நெடுஞ்சாலை வந்து, சிக்னல் வந்து, மனிதர்கள் நடமாடுகிற பெட்ரோல் பங்க் ஒன்றில் நிறுத்திய பிறகுதான் பேசினான்.

வந்தவர்களில் ஒரு பெரியவர் இருந்திருக்கிறார். எல்லோரும் அவருக்கு மரியாதை கொடுத்தார்களாம். அவர் தலைப்பாகையோடு நின்ற இவனைப் பார்த்துவிட்டு வேய்னிடம், இந்தப் பிரிவில், இந்த இடத்தில், இந்தியர்கள் கிடையாது, அக்குரேட் இல்லை என்று சொல்லியிருக்கிறார்.

"வேய்னும் யோசிச்சிட்டு ஆமான்னுட்டாரு. நான் சரி, அப்ப ஓரமா நின்னு பாக்கேன்னேன். அந்தப் பெரியவரு என்னைய மேலயும் கீழயும் பாத்தாரு. இவன் படத்துல இருக்கணும்னா ஒரு எடந்தான் இருக்குன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன் லே. எதுக்கு சிரிச்சேன்னு தெரியல."

கோட்டைக் கழற்றச் சொன்னார்கள். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கழுத்தில் கைதிக்கு மாட்டுகிற மாதிரி எண் போட்ட ஓர் அட்டையை மாட்டினார்கள். ஷெல்லியின் மேசை முன்னால் நிறுத்தினார்கள்.

"அவ என் பேரு கேட்டா. சொன்னேன். எழுதிக்கிட்டா. பொறவு அந்த போனை எடுத்துச் சுத்தி, இங்க ஒருத்தன் இருக்கான்னு சொன்னா. நடிப்புதான். நான் நம்ம பொம்மைய நெனச்சேன், வயரு எங்கயும் போகாதுல்லா. ஆனா அந்தப் பக்கம் யாரோ பதில் சொன்னாங்க லே. எனக்குக் கேட்டுச்சு. அவ சரின்னு தலைய ஆட்டிட்டு போனை வச்சா."

பிறகு முள்கம்பிக்குள் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். கொஞ்சம் குனி என்றார்கள். சிரிக்காதே என்றார்கள்.

"அடிச்சாங்களாடா?"

"இல்ல. யாரும் தொடக்கூட இல்ல. ஒவ்வொண்ணுக்கும் ப்ளீஸ், தேங்க் யூ. வேய்ன் ஒரு தடவ வந்து, தாகமா இருக்கா ஜெப்புன்னு கேட்டாரு. இருக்குன்னேன். தண்ணி கொண்டாரல. மறந்துட்டாரு போல." சீட் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டே, "எல்லாரும் சாப்பிடப் போனாங்க. நான் உள்ளயே நிக்கேன். வாசல்ல சும்மா ஒரு கயிறுதான். அத அவுக்க எனக்குத் தோணவே இல்ல லே. அவதான் வந்து அவுத்துவிட்டா. செருப்பத் தந்துட்டுத் திரும்பிப் போய் அந்த மேசைலயே உக்காந்துக்கிட்டா" என்றான்.

வாசலில் சும்மா ஒரு கயிறுதான் என்பதை அவன் அதன் பிறகு பல நாள் சொல்லிக்கொண்டிருந்தான். சாப்பிடும்போது சொல்வான், பல் தேய்க்கும்போது சொல்வான்.

அடுத்த வாரம் வேய்ன் வந்தார். மறுபடி ஆப்பிள் பை, மறுபடி கழற்றிய தொப்பி. கையில் சட்டமிட்ட படம். முரளி வாசலை மறித்துக்கொண்டு நின்றான். குள்ளமான ஆள் அவன், வேய்னின் மார்பளவுகூட வர மாட்டான். ஜெபராஜ் உள்ளேயிருந்து வந்து அவனை நகரச் சொன்னான்.

படத்தை நானும் பார்த்தேன். ரொம்ப நன்றாக எடுக்கப்பட்ட படம். பழைய காலத்துப் படம் போலவே சாயம் ஏற்றியிருந்தார்கள். கம்பிக்குப் பின்னால் குனிந்து நின்றவனின் கண்ணைப் பார்த்தால் தெரியாதவர்கள் அதை நிஜம் என்றுதான் நினைப்பார்கள். வேய்ன் வீட்டு அறையின் கடைசி மேசையில் துணிக்குக் கீழே இருந்ததும் இப்படி ஒரு முள்கம்பி முகாமின் பொம்மை வடிவமாகத்தான் இருக்க வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வேய்ன் பெருமையோடு, இவ்வளவு அசலான படம் எங்களுக்கு இதுவரை கிடைத்ததில்லை, எல்லோரும் பாராட்டுகிறார்கள் என்றார்.

ஜெபராஜ் ஆங்கிலத்தில், மெதுவாகக் கேட்டான். என் பெயர் என்ன?

ஜெப், என்றார் அவர்.

முழுப்பெயர். உங்கள் மகள் எழுதிக்கொண்டாள். ஒரு தடவை சொல்லுங்கள், படத்தை வாங்கிக்கொள்கிறேன்.

வேய்ன் வாயைத் திறந்தார். ஜெப் என்று தொடங்கினார். அதற்கு மேல் அவரிடம் ஒன்றும் இல்லை. சுவரைப் பார்த்தார், டிவியின் மேலிருந்த பொம்மையைப் பார்த்தார். ஜெபராஜ் போய் அவளை எடுத்து, தான் தைத்த கோட்டை மட்டும் கழற்றித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மீதியைப் பெட்டியோடு அவர் கையில் கொடுத்தான். கதவைச் சாத்தினான். உள்ளே வந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டான். முரளி போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். அன்று யாரும் சமைக்கவில்லை.

அதோடு முடிந்தது என்று நினைத்தோம். சில வாரங்கள் வரை ஒரு பிக்கப் வண்டி எங்கள் பார்க்கிங்கில், எங்கள் மாடிப்படிக்கு எதிராக வந்து நிற்கும். யாரும் இறங்க மாட்டார்கள். அது வேய்னுடையதா என்று எங்களுக்கு நிச்சயமாகத் தெரியாது. டெக்சாஸில் பாதிப் பேரிடம் அந்த வண்டி உண்டு. விசாவில் இருக்கிற நாங்கள் போலீசுக்குப் போய் என்ன சொல்வது? ஒரு வண்டி நிற்கிறது, போய்விடுகிறது என்றா? அபார்ட்மென்ட் ஆபீசில் சொன்னோம். பார்க்கிங் எல்லோருக்கும் பொது என்றார்கள். ஜெபராஜ் வேலையை மாற்றிக்கொண்டு ஜெர்சி சிட்டிக்குப் போனான், ஒரு வங்கிக்குக் காண்ட்ராக்ட். அவன் போன பிறகு வண்டி வரவில்லை. அப்போது நிச்சயமாகத் தெரிந்தது.

இன்று அவனுக்கு அங்கே வீடு, மனைவி, இரண்டு பெண்கள். தமிழ்ச் சபையில் பொருளாளர். பேசினால் கலகலப்பாகத்தான் பேசுகிறான். படம் எடுக்க மட்டும் நிற்க மாட்டான். சபை ஆண்டுவிழாப் படத்தில் எல்லோரும் இருப்பார்கள், அவன் கேமராவைப் பிடித்தவனாக இருப்பான். முரளி சென்னைக்கே திரும்பிவிட்டான். நாங்கள் இருந்த அபார்ட்மென்டை இடித்து, அந்த இடத்தில் கண்ணாடி ஓட்டல் ஒன்று வந்துவிட்டது.

அதெல்லாம் போகட்டும், கட்டடம் போனால் கட்டடம். வேறு ஒன்று போனது. அந்த நாட்களில் சனிக்கிழமை தோறும் மூவரும் காரை எடுத்துக்கொண்டு காரணமில்லாமல் கிளம்புவோம். டெக்சாஸ் வரைபடத்தில் பாரிஸ் உண்டு, ஏதென்ஸ் உண்டு, இத்தாலிகூட உண்டு. பெயர் நன்றாக இருந்தால் போதும், போவோம். வழி தவறினால் ஏதாவது ஒரு வீட்டு வாசலில் நிறுத்தி, கதவைத் தட்டிக் கேட்போம். ஒரு கிழவி எங்களுக்குப் பீச் பழம் கூடை நிறையக் கொடுத்திருக்கிறாள். ஒருவர் சேற்றில் சிக்கிய காரை டிராக்டர் வைத்து இழுத்துக் கொடுத்துவிட்டு, காசு வாங்க மறுத்தார்.

ஜெபராஜ் போன பிறகு நானும் முரளியும் ஒரு முறை முயன்று பார்த்தோம். ஏதோ ஒரு சின்ன ஊர். பெட்ரோல் போட நிறுத்தியிருந்தோம். எதிரே தொப்பி வைத்த ஒரு வயதானவர் எங்களைப் பார்த்து, முகமெல்லாம் சிரிப்பாகக் கையை உயர்த்தினார். நல்லவராகத்தான் இருந்திருப்பார். அங்கே பெரும்பாலும் எல்லோரும் நல்லவர்கள்தான். நான் பதிலுக்குக் கையைத் தூக்குவதற்குள் முரளி கார் கதவுகளைப் பூட்டினான். நான்கு கதவும் ஒரே நேரத்தில் விழுகிற சத்தம் வெளியே அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். உயர்த்திய கையைக் கீழே போடத் தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அந்தக் கையாலேயே தொப்பியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார். நாங்கள் வந்த வழியே திரும்பினோம்.